சுங்குவார்சத்திரத்தில் 27,000 தருகிறார்களாம், போகலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவர் குடியாத்தத்துப் பெண். டிப்ளமோ முடித்தவர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கராகச் சேர்ந்து இப்போது ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் குளோசிங் லைனில் சூப்பர்வைசர். சேர்ந்து நான்கு வருஷம் ஏழு மாதம். சம்பளம் 17,500. சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியிலிருந்து மாதம் 27,000 என்று ஆஃபர் வந்திருக்கிறது, இரண்டு வாரத்தில் சேரச் சொல்கிறார்கள். ஆள் சேர்த்துவிட்ட கன்சல்டன்சி ஒரு மாதச் சம்பளம் கேட்கிறது. கூடவே அவருடைய மாமா பேரணாம்பட்டில் முப்பது பேரை வைத்து அப்பர் (அந்த மேல்பாகம்) கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். "பசங்க ஆறு மாசம்கூட நிக்க மாட்டேங்கறாங்க, என்ன பண்றது" என்பது அவர் கேள்வி. ஒரே வீட்டிலிருந்து வேலையை விடுகிறவரும், வேலையை விட்டு ஓடுகிறார்கள் என்று புலம்புகிறவரும் சேர்ந்து கேட்டிருப்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பர்சனல் டிபார்ட்மெண்டில் பல வருஷம் உட்கார்ந்து, ராஜினாமா கடிதம் வாங்கியும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கொடுத்தும் பழகியவன் நான்.

தங்கச்சி, நீங்கள் அனுப்பியிருக்கும் ஆஃபர் மெயிலை வைத்தே கணக்குப் போடுவோம். 27,000 என்பது சிடிசி. உங்களுக்காக கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை அது. அதற்குள்ளேயே உங்கள் சேமநிதிக்குக் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800 இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு, ஒதுக்குவதாக 720. வருஷம் ஒருமுறை தரும் போனஸை மாதக் கணக்கில் வகுத்து 1,250. குரூப் இன்சூரன்ஸுக்கு 430. இந்த நான்கையும் கழித்தால் 22,800. அதுதான் உங்கள் மாதச் சம்பளம். அதில் உங்கள் பங்கு பிஎஃப் 1,800, கேன்டீனும் பஸ்ஸும் சேர்த்து 1,200 பிடிப்பார்கள். கைக்கு வருவது 19,800. சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ரூம் எடுத்தால் உங்கள் பங்கு 2,500 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேன்டீனில் ஒரு வேளைதான், மற்ற வேளைக்கும் லீவு நாளுக்கும் 2,800. மாதம் இரண்டு முறை வேலூர் வந்து பஸ் மாறி வீட்டுக்குப் போக 900. மிச்சம் 13,600.

இப்போது என்ன வாங்குகிறீர்கள்? 17,500-இல் பேசிக்கும் டிஏவும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) 13,000. அதற்கு 12 சதவீதம் பிஎஃப் 1,560. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐ முக்கால் சதவீதம், 132 ரூபாய். கையில் 15,808. வாசலில் கம்பெனி பஸ், ராத்திரி வீட்டுச் சாப்பாடு. ஊர் முழுக்க "இருபத்தேழாயிரம்" என்று சொல்லப்படும் வேலையில் உங்களுக்கு மாதம் இரண்டாயிரத்துக்கும் மேல் நஷ்டம்.

சம்பளம் குறைந்தாலும் போக வேண்டிய வேலைகள் உண்டு. இது அப்படிப்பட்டதா என்பதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன் மெயிலில் நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம்: அதில் ஈஎஸ்ஐ என்ற வரியே இல்லை, குரூப் இன்சூரன்ஸ்தான் இருக்கிறது. ஈஎஸ்ஐக்குச் சம்பள வரம்பு 21,000. அதற்குமேல் போனால் வெளியே. அப்பாவுக்குச் சர்க்கரை, மாதா மாதம் ஈஎஸ்ஐ மருந்தகத்தில்தான் மாத்திரை வாங்குகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குரூப் இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மாதாந்திர மாத்திரைக்குத் தராது. அதிலும் பல பாலிசிகளில் கணவன், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான், பெற்றோர் கிடையாது. நம் ஊரில் உடம்புக்கு ஒன்று என்றால் சிஎம்சி இருக்கிறது என்ற தைரியம் எல்லோருக்கும் உண்டு. கவுன்ட்டரில் பணம் கட்டும்போதுதான் அந்த தைரியத்தின் விலை தெரியும். ஆகவே ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: "எனக்கு ஈஎஸ்ஐ உண்டா? இல்லையென்றால் இன்சூரன்ஸில் அப்பா அம்மா சேர்த்தியா?" ஒரு ஆறுதல், இப்போதைய வேலையில் நீங்கள் கட்டிய ஈஎஸ்ஐக்கு உரிய பலன் காலம் வேலையை விட்ட பிறகும் ஓடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. கார்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது கிராஜுவிட்டி. நீங்கள் கேள்வியில் இதைக் கேட்கவே இல்லை, ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அந்த நான்கு வருஷம் ஏழு மாதம்தான். நிரந்தரத் தொழிலாளிக்குக் கிராஜுவிட்டி வர ஐந்து வருஷத் தொடர் பணி வேண்டும். ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த வருஷமும் முழு வருஷமாகக் கணக்கு என்று சென்னை உயர்நீதிமன்றம் மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஷூ கம்பெனிகளில் பலருக்கு இது தெரியாது. நான்கரை வருஷத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்த ஹெச்ஆர்களும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் தொகை என்ன? கடைசியாக வாங்கும் பேசிக், டிஏ 13,000. அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருஷத்துக்கு 7,500. ஐந்து வருஷத்துக்கு 37,500 ரூபாய். இரண்டு வாரத்தில் போய்ச் சேர்ந்தால் இதில் ஒரு பைசா கிடையாது.

மாதம் 26 நாள் என்று வைத்தால் 240 நாளுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமையையும் பண்டிகை லீவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்ற வாதமும் பலமானதுதான். ஆனால் அதை நிரூபிக்க லேபர் ஆபீஸுக்கு நடக்க உங்களுக்கு நேரமில்லை. நான்கு வருஷம் பத்து மாதம் முடியட்டும். அதாவது இன்னும் மூன்று மாதம். இரண்டு மாதம் கழித்து ராஜினாமா கடிதம் கொடுங்கள், ஒரு மாத நோட்டீஸையும் வேலை செய்தே முடியுங்கள். இடையில் சம்பளமில்லாத லீவு போடாதீர்கள். முடிந்தால் வருகைப் பதிவு தெரியும் சம்பளச் சீட்டுகளை மாதவாரியாகப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அதுவரைக்கும் அவங்க காத்திருப்பாங்களா?" என்பீர்கள். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் ஆள் எடுப்பது பேட்ச் பேட்ச்சாக. இந்த பேட்ச் போனால் அடுத்தது வரும். "நோட்டீஸ் பீரியட் முடித்து இந்தத் தேதியில் சேருகிறேன்" என்று மெயில் போடுங்கள். இரண்டு வாரத்தில் வந்தால்தான் வேலை என்று அடம்பிடித்தால், பழைய கம்பெனியில் நோட்டீஸ் கொடுக்காமல் ஓடி வரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே ஆள் நிற்பதில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம்.

இப்போது அந்த வேலையே எப்படிப்பட்டது என்று பார்ப்போம். மெயிலில் பதவி "அசோசியேட்" என்று இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் அந்தப் பெயரில் எடுப்பது பெரும்பாலும் லைனில் நிற்கும் ஆபரேட்டர் வேலைக்கு. இங்கே நாற்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர், அங்கே போய் ஷிப்ட் முழுக்க ஸ்க்ரூ முடுக்க வேண்டியிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து வேறு கம்பெனிக்குப் போகும்போது உங்கள் ரெஸ்யூமேயில் கடைசி வரி "அசோசியேட்" என்றுதான் இருக்கும். இன்னொன்று, ஆர்டர் யார் லெட்டர்ஹெட்டில் வருகிறது? கம்பெனி ரோலா, கான்ட்ராக்டர் ரோலா, எஃப்டிசி எனப்படும் குறிப்பிட்ட காலத்துக்கான வேலையா, டிரெய்னியா? எஃப்டிசி என்றால் எத்தனை மாதம்? 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அப்படிக் குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருஷம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதும் அதில் வருகிறது. ஆக "ஆர்டர் எல்லாம் மூணு மாசம் கழிச்சுத் தருவோம்" என்கிற பேச்சை இனி ஏற்க வேண்டியதில்லை.

கன்சல்டன்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆள் வேண்டியது கம்பெனிக்கு. கமிஷன் அவர்கள் தரட்டும். ஒரிஜினல் மார்க்‌ஷீட்டையும் யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

என் தீர்ப்பு: இந்த ஆஃபருக்கு இந்தச் சம்பளத்தில் போகாதீர்கள். ஆனால் ஷூ கம்பெனியை விட்டு வெளியே பார்க்க வேண்டும் என்று நினைத்தது சரிதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் என்ன பாடு பட்டது என்று நீங்கள் லைனிலேயே பார்த்திருப்பீர்கள். ஏற்றுமதியை மட்டும் நம்பியிருக்கும் ஊரில் ஒரே தொழிலில் மட்டும் அனுபவம் வைத்திருப்பது ஆபத்து. பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியது. தோல் அல்லாத காலணி ஆலைகள் செய்யாறு பக்கம் வந்திருக்கின்றன. நம் ஜில்லாக்களிலேயே தரக் கட்டுப்பாட்டுக்கு ஆள் தேவைப்படும் இடங்கள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. நீங்கள் கேட்க வேண்டியது குவாலிட்டி வேலை. ஆபரேட்டர் வேலையை ஏற்காதீர்கள்.

அதற்கு உங்கள் ரெஸ்யூமே உதவாது. பார்த்தேன். "டு ஒர்க் இன் எ சேலஞ்சிங் என்விரான்மென்ட்" என்ற பத்தியை முதலில் அடித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் எல்லா ரெஸ்யூமேயிலும் அது இருக்கிறது. நீங்கள் தினமும் செய்வது என்ன? அப்பரைக் கையில் எடுத்ததும் இடது வலது ஜோடியில் தோலின் நிறமும் கிரெய்னும் ஒத்துப்போகிறதா பார்க்கிறீர்கள். ஸ்கைவிங் செய்த, அதாவது சீவி மெலிதாக்கிய, விளிம்பை விரலில் தடவியே தடிமன் சொல்கிறீர்கள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல், நூல் எங்கே அறுந்திருக்கிறது, கண்ணி வளையம் சாய்ந்திருக்கிறதா, எல்லாம் பார்க்கிறீர்கள். கெட்டதைத் தனியே வைத்து, எந்த மெஷினில் எந்த ஆபரேட்டரிடம் அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்து அங்கேயே போய் நிறுத்துகிறீர்கள். இதை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் "இன் பிராசஸ் குவாலிட்டி" என்பார்கள். வாகனக் கம்பெனியிலும் அதுவேதான்; பொருள் மாறும், வேலை மாறாது. ரெஸ்யூமேயில் எழுதுங்கள்: ஒரு ஷிப்டில் எத்தனை ஜோடி பார்த்தேன், லைனில் எத்தனை பேர், நான் பொறுப்பேற்றபோது ரிஜெக்ஷன் எவ்வளவு, இப்போது எவ்வளவு. உண்மையான எண்ணைப் போடுங்கள், நேர்காணலில் அதிலிருந்துதான் கேள்வி வரும். பையர் பெயரும் மாடல் நம்பரும் மட்டும் வேண்டாம். அது பழைய கம்பெனியின் ரகசியம், புதியவர்களும் மதிக்க மாட்டார்கள்.

அந்த மூன்று மாதத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. பிஎஃப் கணக்கில் உங்கள் பெயரைத் திறந்து பாருங்கள். நம் ஊர் ஆட்கள் பாதிப் பேருக்கு இங்கேதான் சிக்கல். ஆதாரில் இனிஷியல் முன்னால், பிஎஃபில் பின்னால். ஒன்றில் அப்பா பெயரை முழுதாக விரித்திருப்பார்கள், மற்றதில் ஒற்றை எழுத்து. பிறந்த தேதி ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. வேலையில் இருக்கும்போதே கம்பெனி மூலமாகத் திருத்தினால் வேலை சுலபம். வெளியே வந்த பிறகு, பழைய ஹெச்ஆருக்கு நீங்கள் யாரோ ஒருத்தர். பிஎஃபுக்கான அதே யுஏஎன் எண்ணைப் புதிய கம்பெனியில் கொடுங்கள், புதிதாக ஒன்று எடுக்க விடாதீர்கள். பணத்தை எடுக்கவும் வேண்டாம், மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருஷப் பணி சேர்ந்தால்தான் பிஎஃபில் பென்ஷன். உங்களுக்கு ஏற்கெனவே கிட்டத்தட்ட பாதி ஆகிவிட்டது. பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், இரண்டு மாதம் கழித்து இணையத்தில் நீங்களே பதிந்துகொள்ள வழி இருக்கிறது.

ராஜினாமா கடிதத்தில் கோபம் எதையும் எழுதாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், கடைசி வேலை நாள் இது" என்று மூன்று வரி போதும். கையில் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், மெயிலும் போடுங்கள். ரிலீவிங் லெட்டர், எடுக்காத லீவுக்குப் பணம், அந்த வருஷத்துக்கான போனஸ், கிராஜுவிட்டி, நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். போனஸ் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்பார்கள். அந்த வருஷத்தில் 30 நாள் வேலை செய்திருந்தாலே பங்கு உண்டு.

இனி மாமாவுக்கு.

அண்ணா, உங்கள் கடிதத்தில் "பிஎஃப் பிடிச்சா பசங்களுக்குப் பிடிக்கல, எல்லாத்தையும் கையில குடுங்கறாங்க, அதான் பிடிக்கறதில்ல" என்று ஒரு வரி வருகிறது. ஆள் நிற்காததற்குக் காரணம் அந்த வரியிலேயே இருக்கிறது. கையில் வாங்கிய காசைத் தவிர உங்கள் யூனிட்டில் ஒருவரைக் கட்டி வைக்க வேறு எதுவும் இல்லை. பக்கத்து யூனிட் ஜோடிக்கு ஐம்பது பைசா கூட்டினால் நாளைக்கே அங்கே போவார்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ, கிராஜுவிட்டி என்று சேர்ந்துகொண்டே வருகிறவர் ஐம்பது பைசாவுக்கு ஓட யோசிப்பார். மேலும் இருபது பேர் இருந்தாலே பிஎஃப் கட்டாயம், பத்துப் பேருக்கே ஈஎஸ்ஐ கட்டாயம். உங்களிடம் முப்பது பேர். தொழிலாளியே வேண்டாம் என்றார் என்பது ஆய்வாளரிடம் செல்லாது. பாக்கியை வட்டியோடும் அபராதத்தோடும் உங்களிடமிருந்துதான் வசூலிப்பார்கள். கட்டிங் பிரஸ்ஸில் ஒரு பையனுக்கு விரல் போனால், ஈஎஸ்ஐ இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் மருத்துவச் செலவும் நஷ்டஈடும் உங்கள் தலையில். வேலூரிலேயே பிஎஃப் வட்டார அலுவலகம் இருக்கிறது. ஒரு நல்ல கன்சல்டன்ட்டைப் பிடித்துப் பதிந்துவிடுங்கள்.

பீஸ் ரேட்டைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எந்த ஸ்டைலுக்கு, எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு என்று. இப்போது அது உங்கள் மேஸ்திரியின் மண்டைக்குள் இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது ஆளுக்கு ஒரு ரேட் ஆகிவிடுகிறது. சண்டை அங்கேதான் ஆரம்பம். சம்பளம் ஏழாம் தேதி என்றால் ஏழாம் தேதி. பையர் பணம் வரவில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், குழுக் கடன் தவணை கட்ட வேண்டிய பெண்ணுக்கு அதைச் சொல்லி என்ன பயன்?

உங்கள் யூனிட்டில் பாதிக்குமேல் பெண்கள். அவர்கள் நிற்பதும் போவதும் ரேட்டைவிட கழிவறையையும் வண்டியையும் பொறுத்தது. மழை நாளில் ஷேர் ஆட்டோ வராமல் மேல்பட்டியிலிருந்து நடந்து வந்தவரை அரை நாள் கட் செய்தீர்கள் என்று உங்கள் மருமகளே எழுதியிருக்கிறார். அப்படி இரண்டு பேரைக் கட் செய்தால் அந்த ஊரிலிருந்து ஆறு பேர் வர மாட்டார்கள். ஒரு வேனுக்கு மாத வாடகை என்ன என்று விசாரியுங்கள். புதிதாக ஆள் பழக்கி, அவர் கெடுத்த அப்பர்களைத் தூக்கிப் போடும் நஷ்டத்தோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெல்ப்பராக வந்த பெண்ணை எத்தனை மாதத்தில் மெஷினில் உட்கார வைப்பீர்கள் என்பதையும் சேரும்போதே சொல்லிவிடுங்கள். டேபிளில் நூல் வெட்டிக்கொண்டே ஒரு வருஷம் உட்கார வைத்தால் தையல் கற்றுக்கொள்ளப் பக்கத்து யூனிட்டுக்குத்தான் போவார்.

ஓடிவிடுவார்கள் என்று பயந்து கடைசி மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கிற பழக்கம் நம் பக்கம் நிறைய யூனிட்டில் உண்டு, உங்களிடமும் இருக்கிறது. அதை இந்த மாதமே நிறுத்துங்கள். அது யாரையும் நிறுத்தி வைத்ததில்லை, விட்டுப் போனவர் திரும்பி வராமல் இருக்கத்தான் உதவியிருக்கிறது. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் ஆர்டரைப் பொறுத்து யூனிட் மாறி மாறித் திரும்ப வருகிறவர்கள்தான், அது உங்களுக்கே தெரியும். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்கும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். போன மாதம் விட்டுப்போன அந்த மூன்று தையல் பெண்களின் பாக்கியிலிருந்தே தொடங்குங்கள்.